அறிக்கையில் இல்லாத பறவை

தரையிலிருந்து தொண்ணூறு மீட்டர் உயரத்தில், ஓர் ஆள் உட்கார மட்டுமே இடமுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் அவருக்கு வேலை. இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் தோளை ஒட்டி நின்ற டவர் கிரேனை ஓட்டுகிறவர். கீழே இருந்தவர்கள் அவரை ‘மேலிடம்’ என்றார்கள். கம்பிக் கட்டு எப்போது மேலே போகும், கான்கிரீட் தொட்டி எப்போது இறங்கும் என்று யார் கேட்டாலும், “மேலிடத்து முடிவுக்குக் காத்திருக்கோம்” என்பது அந்த வளாகத்தின் நிரந்தர நகைச்சுவை. உண்மையில் அங்கே யாருக்கும் உத்தரவு போட முடியாத ஒரே ஆள் அவர்தான். கீழே நின்று வாக்கி-டாக்கியில் கத்துகிறவன் தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். மேலிடம் என்று பெயரெடுத்த எல்லா இடங்களும் இப்படித்தானோ என்னவோ.

காலை ஆறரைக்கு ஏணியைப் பிடித்தால் ஏழுக்கு உள்ளே இருப்பார். ஒருமுறை ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், இன்னொரு காலி பாட்டில். காலி பாட்டில் எதற்கு என்று கேட்டவர்களை அவர் இங்கிதம் தெரியாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுவார்.

இப்படிப் பதினேழு வருஷம். ஆறு ஊர், ஒன்பது கட்டடம். மனைவியும் மகளும் வேறொரு ஊரில். வருஷத்துக்கு இரண்டு முறை போவார். போன மூன்றாம் நாளே வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் யாருடைய இடத்திலோ உட்கார்ந்துவிட்டது போல இருக்கும். மற்ற நாட்களில் போன். “வேற என்ன?” என்று இவர் கேட்பார். “வேற ஒண்ணுமில்ல, உங்களுக்கு?” என்று மனைவி கேட்பாள். “எனக்கென்ன, ஒண்ணுமில்ல.” இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை என்று உறுதியானதும் வைத்துவிடுவார்கள்.

வேலை நேரத்தில் அவரோடு பேசுகிற ஒரே குரல் சிக்னல்காரனுடையது. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்கும், அதனால் பெயர் ‘விசில்’. அவன் பேச்சிலும் பாதி, “கொஞ்சம் வலது, வலது, நிறுத்து, இறக்கு” என்பதுதான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் ஒரு நாளைக்கு இருநூறு தடவை ‘நிறுத்து’ என்று சொல்வதை உரையாடல் என்று எடுத்துக்கொள்ளலாமென்றால், அவருக்கு உரையாடலுக்குக் குறைவே இல்லை.

அந்த வருஷம் முதலாளிக்கும் அவருடைய கூட்டாளிக்கும் முட்டிக்கொண்டதில் வேலை மூன்று மாதம் நின்றது. பெரிய மனுஷர்கள் கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு, மறுபடி வேலை தொடங்கிய அன்று அவர் வழக்கம்போல ஏறினார். கிரேனுக்கு முன்னால் நீளமான கை, பின்னால் குட்டையான கை. பின்கையில் சமநிலைக்காகக் கான்கிரீட் பாரங்களை அடுக்கித் தொங்கவிட்டிருப்பார்கள். போல்ட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கப் பின்கையில் நடந்தவருடைய ஹெல்மெட்டில் ‘டொக்’ என்று ஒன்று இடித்தது. கல் என்று நினைத்து நிமிர்ந்தார். அவருக்கும் மேலே இருந்து கல் எறிய அந்த ஊரில் யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

வல்லூறு. சாம்பல் முதுகு, கன்னத்தில் கறுப்பு மீசை, மஞ்சள் வளையம் போட்ட கண். இரண்டாம் தடவை அது இறங்கியபோது அவர் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில், இரண்டு பாரங்களுக்கு நடுவே சேர்ந்திருந்த தூசியிலும் ஜல்லிப் பொடியிலும் செங்காவி நிறத்தில் மூன்று முட்டைகள்.

“மேலிடமே, என்ன ஆச்சு? ஏன் குனியறீங்க?” என்றது வாக்கி.

“ஒண்ணுமில்லடா. வீட்டுக்காரங்க வெளிய போகச் சொல்றாங்க.”

“யாரு?”

“அப்புறம் சொல்றேன்.”

சொன்னபோது விசில் நம்பவில்லை. “கூடு எங்கண்ணே? குச்சி கிச்சி ஒண்ணையும் காணோமே” என்றான், இவர் போனில் எடுத்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

“அது கூடு கட்டாத ஜாதி. கிடைச்ச இடத்துல மண்ணைக் கொஞ்சம் கிளறிட்டு உக்காந்துக்கும்.”

“அப்போ நம்ம ஜாதின்னு சொல்லுங்க.”

இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டால் திட்ட மேலாளர், “ஒண்ணுமே இல்ல, வெறும் தரிசு” என்பார். அந்த ஒன்றுமேயில்லாததை மேலிடம் முதல் வருஷத்தில் மேலிருந்து பார்த்திருக்கிறார். முழங்கால் உயரப் புல். புல்லுக்குள் எலி, முயல், கௌதாரி. அதன்மேல் காலையும் மாலையும் ரோந்து வந்த ஒரு ஜோடிப் பெருங்கழுகு. மனைக்கல் நட்டதும் புல் போனது. புல் போனதும் கழுகு போனது. எலி மட்டும் உஷாராக வளாகத்துச் சமையல்கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. எலிக்கு மருந்து வைத்தார்கள். மருந்து தின்ற எலியைத் தின்ற ஆந்தை ஒன்று, ஒரு காலையில் சிமெண்ட் மூட்டைகளின்மேல் இறக்கை விரித்துக் கவிழ்ந்து கிடந்தது. பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்து, அது ஹெல்மெட் அணியாததால் தளப் பணியாளர் அல்ல, ஆகவே இது விபத்துக் கணக்கில் வராது என்று தீர்ப்புச் சொன்னார். வளாக வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்ற பலகையில் எண் அன்றைக்கும் ஒன்று கூடியது.

மேற்கே ஒரு பாறைக் குன்றும் இருந்தது. அதன் செங்குத்துப் பக்கத்தில் வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கும். வல்லூறு தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடம். குன்றை வெடி வைத்து உடைத்து, அரைத்து, ஜல்லியாக்கி, லாரியில் கொண்டுவந்தார்கள். அதையே கான்கிரீட்டாக்கி, தொட்டி தொட்டியாக இவர்தான் தூக்கிக் கொடுத்தார். குன்று நின்ற இடத்தில் இப்போது குழி. குழி தோண்டிய இடத்தில் இப்போது குன்று. வல்லூறு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். சுற்றிலும் வீடுகள் வந்திருந்தன. வீடுகளோடு புறாக்கள் வந்திருந்தன. புறா இருக்கும்வரை அதற்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. முட்டையிட ஆள் நடமாட்டமில்லாத ஓர் உயரம்தான் தேவை. காற்றே இல்லாத அந்த மூன்று மாதம் அசையாமல் நின்ற கிரேன் அதற்குப் பாறையாகத் தெரிந்திருக்கிறது. பார்வைக் கூர்மைக்குப் பேர்போன பறவைதான். ஆனால் கூட்டாளிகள் சமாதானமாகிவிடுவார்கள் என்று எந்தக் கண்ணுக்குத்தான் தெரியும்.

கிரேன் சுற்ற ஆரம்பித்தது. பாரத்தோடு பறவையும் சுற்றியது. முதல் இரண்டு நாள் தாய் அலறிக்கொண்டே கூடச் சுற்றியது. மூன்றாம் நாள் முட்டையின்மேல் உட்கார்ந்தபடியே சவாரி செய்தது. பெரிய சிக்கல் வேலை முடிந்த பிறகுதான். டவர் கிரேனை இரவில் பூட்டி வைக்கக் கூடாது. சுழலும் பிரேக்கைத் தளர்த்தி, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் அது பாட்டுக்குத் திரும்பும்படி விட்டுவிட்டு இறங்க வேண்டும். பூட்டி வைத்தால் புயலில் ஒடியும். ஆகவே வேட்டைக்குப் போகும்போது கிழக்கே இருந்த குடும்பம், திரும்பி வரும்போது தெற்கே இருக்கும். தகப்பன் பறவை முதல் வாரம் இடுக்கிய புறாவோடு பழைய இடத்துக்கே வந்து, அங்கே வெறும் காற்று இருப்பதைக் கண்டு, முகவரி தொலைத்த தபால்காரர் மாதிரி முழித்ததை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். போகப்போக இரண்டும் பழகிவிட்டன. வந்ததும் ஒரு வட்டம். குடும்பம் இன்றைக்கு எங்கே என்று தேடல். அப்புறம் நேராக இறக்கம். தினமும் இடம் மாறும் வீட்டைத் தினமும் கண்டுபிடிக்கிற வல்லூறு ஜோடி உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. வருஷத்துக்கு இரண்டு தடவை போகிற தன் வீட்டில் குளியலறை விளக்கின் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தனக்கு இன்னும் மனப்பாடமாகவில்லை என்பதும் கூடவே தோன்றியது.

இரண்டு முட்டை பொரிந்தது, ஒன்று கூமுட்டை. வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு. நான்கு நாள் முன்பின்னாகப் பிறந்ததில் மூத்தது சுறுசுறுப்பு, இளையது எதற்கும் கடைசி. அவர் சாப்பிடும் நேரமும் அவை சாப்பிடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றானது. கேபினின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே டப்பாவைத் திறப்பார். பதினேழு வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டது அந்த நாட்களில்தான்.

மனைவியிடம்கூடச் சொன்னார்.

“குஞ்சு எத்தனை நாள்ல பறக்கும்?” என்றாள்.

“நாப்பது நாள், நாப்பத்திரண்டு நாள்.”

“நாளெல்லாம் சரியா வெச்சிருக்கீங்களே. நம்ம பொண்ணு எத்தனாவது படிக்கறா, சொல்லுங்க பாப்போம்?”

“பத்து.”

“பதினொண்ணு.”

கட்டடம் முடிகிற நேரத்தில் சேர்மனாகிய முதலாளிக்கு ஓர் எண்ணம் உதித்தது. அந்த நிறுவனத்தின் சின்னம் ஒரு கழுகு. வெள்ளைத் தலை, மஞ்சள் மூக்கு. கடல் தாண்டி எங்கோ இருக்கிற இனம், அந்த ஊர் வானத்தில் ஒருநாளும் பறந்ததில்லை. ‘கழுகின் உயரத்தில், இயற்கையின் மடியில்’ என்று விளம்பரம். மடியில் இருந்த புல், மரம் எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டதால் இயற்கைக்கு மடி மட்டும்தான் மிச்சம். எனவே கட்டடத்தின் உச்சியில் பொன் வண்ணத்தில், இறக்கை விரித்த நிலையில், இருபதடி அகல ஃபைபர் கழுகு ஒன்றை நிறுவுவது. அதை முதலாளி முன்னிலையில் கிரேன் தூக்கும். அதுதான் கிரேனின் கடைசி வேலை. மறுநாளே கிரேனைக் கழற்றிவிட வேண்டும். திறப்புவிழாப் படத்தில் கிரேன் தெரிந்தால் கழுகு எடுபடாது.

தேதியைக் கேட்டதும் மேலிடம் விரல்விட்டு எண்ணினார். கழுகைத் தூக்க இன்னும் இரண்டு நாள். கிரேனைக் கழற்றும்போது முதலில் இறக்குவது பின்கைப் பாரங்களைத்தான். மூத்தது பறக்க நான்கு நாளாவது வேண்டும், இளையதுக்கு ஒரு வாரத்துக்கும் மேல். அன்று சாயங்காலம் இறங்கியவர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஏசி அறைக்குள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றார். திட்ட மேலாளரும் விளம்பர அதிகாரி அம்மாவும் இருந்தார்கள்.

“சார், கிரேனைக் கழட்டறதை ஒரு பத்து நாள் தள்ளிப்போட முடியுமா?”

“என்னய்யா, கிரேன் மேல பாசமா?”

“பின்கைல வல்லூறு குஞ்சு பொரிச்சிருக்கு சார். ரெண்டு.”

விளம்பர அதிகாரியின் முகம் மலர்ந்தது. “நிஜக் கழுகா? நம்ம ப்ராஜெக்ட்லயா? படம் இருக்கா?” போனை வாங்கிப் பார்த்தாள். மலர்ந்தது வாடியது. “இது என்ன, காக்காய்க்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு? தலை வெள்ளையா இல்லையே.”

“இது வல்லூறு மேடம். கழுகு வேற.”

“பாக்கறவங்களுக்குக் கழுகு மாதிரி தெரியணும்ல? இதைப் போட்டா நம்ம லோகோவை நாமளே பொய்னு சொன்ன மாதிரி ஆயிடும்.”

மேலாளர் ஒரு பச்சை அட்டைக் கோப்பை எடுத்தார். சுற்றுச்சூழல் அறிக்கை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நிபுணர் குழு காரில் வந்து, வெயில் அதிகமாக இருந்ததால் காரைவிட்டு இறங்காமலேயே சுற்றிப் பார்த்துத் தயாரித்தது. பக்கம் நாற்பத்தொன்றைத் திருப்பிக் காட்டினார். “இங்க பாருங்க. ‘வேட்டைப் பறவைகள்: இல்லை.’ கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. அறிக்கைல இல்லாதது தளத்துல எப்படிய்யா இருக்கும்?”

“இருக்கு சார். தலையில கொத்துதே.”

“எங்க கொத்திச்சு?”

“ஹெல்மெட்டுல.”

“அப்போ உங்களுக்கு அடிபடல. அப்புறம் என்ன?” கோப்பை மூடினார். “இது வெளிய தெரிஞ்சா எவனாவது வந்து தடை வாங்குவான். கழட்டறதுக்கு முன்னாடி மேல சுத்தம் பண்ணிடுங்க. புரியுதா?”

சுத்தம் என்ற சொல்லை அவர் மறுநாள் காலை ஏணிப் படிவரை எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் மேலிடத்துக்கும் ஓர் அதிகாரம் உண்டு. அதை அவர் அதுவரை துஷ்பிரயோகம் செய்ததில்லை. காற்று அளவு மீறினால் தூக்க முடியாது என்று சொல்லும் உரிமை. காற்றுமானியின் முள் கேபினுக்குள்தான் இருக்கிறது. பொன்கழுகு தரையில் இறக்கை விரித்துத் தயாராக நின்ற அன்று காலை, அவர் வாக்கியை அழுத்தினார்.

“காத்து அதிகம். இன்னிக்கு ஆகாது.”

“மேலிடமே,” என்றான் விசில், “கீழ ஒரு இலைகூட அசையலையே.”

“கீழ இலையே இல்லையேடா, அசையறதுக்கு.”

அதிலேயே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற மேலாளருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்: “ஆமா சார், மேல பயங்கரக் காத்தாம். கேபினே ஆடுதாம். கழுகுக்கு வேற இறக்கை பெருசு, பிச்சுக்கிட்டுப் பறந்துடும்னு பயப்படறார்.”

“ஃபைபர் கழுகு எப்படிய்யா பறக்கும்?”

“அதான் சார் அவரும் சொல்றார். பறந்தா நல்லா இருக்காதுன்னு.”

இரண்டாம் நாளும் காற்று. மூன்றாம் நாள் காலையிலும் காற்று. அன்று மதியம் மூத்தது பாரத்தின் விளிம்புக்கு வந்து, இறக்கையை ஐந்தாறு தடவை அடித்துப் பார்த்து, யோசிக்காமல் விழுந்து, விழுந்த பாதியில் தனக்கு இறக்கை இருப்பதை நினைத்துக்கொண்டு பறந்தது. அவர் கேபினுக்குள் தனியாகக் கைதட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மனிதன் கைதட்டும் சத்தம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. இளையது பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தது. முதுகெல்லாம் இன்னும் பஞ்சு.

நான்காம் நாள் மேலாளர் தன் போனில் வானிலைச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, வாக்கியை விசிலிடமிருந்து பிடுங்கினார். “காத்து நாலு கிலோமீட்டராம். கழுகு இப்ப மேல போகணும். இல்ல, நீங்க கீழ வரணும். வேற ஆளை ஏத்தறேன்.”

வேறு ஆள் ஏறினால் சுத்தம் செய்துவிட்டுத்தான் உட்காருவான். அவர் கொக்கியை இறக்கினார்.

சேர்மன் குடையின் கீழ் நின்றார். மூன்று கேமராக்கள். பொன்கழுகு தரையைவிட்டு எழும்பியதும் கைதட்டல். பத்தாவது மாடி, பதினைந்தாவது மாடி, இருபது. வேட்டைக்குப் போயிருந்த தாய் அந்த நேரம் பார்த்துத் திரும்பியது. தன் குஞ்சிருக்கும் உயரத்துக்கு இருபதடிப் பகையாளி ஒன்று இறக்கை விரித்து வருவதைக் கண்டது. அது விளம்பரம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. வானத்தின் எந்த மூலையிலிருந்து வந்ததோ, கல் மாதிரி இறங்கி, பொன்கழுகின் மண்டையில் ஓர் அடி. ஃபைபர் ‘டம்’ என்று வெற்றுப் பாத்திரம்போல ஒலித்தது. இரண்டாவது அடியில் மூக்கின் நுனி பெயர்ந்து கீழே போனது.

“என்ன பறவை அது?” என்று சேர்மன் நிமிர்ந்தார்.

“கழுகுதான் சார்,” என்றாள் விளம்பர அதிகாரி, “சின்ன சைஸ்.”

“பாத்தீங்களா! இயற்கையே வந்து முத்தம் குடுக்குது!” என்றார் சேர்மன் கேமராவைப் பார்த்து. கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. பெயர்ந்த மூக்கை ஒருவர் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மேலிடம் கொக்கியை நிறுத்தவில்லை. கழுகை அதன் பீடத்தில் இறக்கி, போல்ட் போடும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம், கடைசி முறையாகப் பிரேக்கைத் தளர்த்திவிட்டு இறங்கினார்.

மறுநாள் விடிந்ததும், கழற்றும் கோஷ்டி வருமுன், ஏறினார். பின்கையில் ஊர்ந்து போனார். தாய் ஹெல்மெட்டில் அடித்தது. தகப்பன் தோளில் அடித்தது. “அடி, நல்லா அடி, தப்பில்ல” என்று சொல்லிக்கொண்டே குஞ்சைப் பிடித்தார். பாதிப் பஞ்சும் பாதி இறகுமாக இருந்த அது, அவருடைய கட்டைவிரலைக் கிழித்தது. சாப்பாட்டுப் பைக்குள் வைத்து மூடினார்.

எங்கே கொண்டுபோவது என்று இரவு முழுவதும் யோசித்தாகிவிட்டது. கீழே கொண்டுபோனால் பூனை, நாய், மேலாளர். அறையில் வைத்து வளர்த்தால் அது கோழி ஆகிவிடும். அதற்கு வேட்டை சொல்லித்தர அவருக்குத் தெரியாது. அது தெரிந்த இரண்டு பேரும் வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தது கட்டடத்தின் மொட்டை மாடிதான். கிரேனிலிருந்து இருபதாம் மாடிக்கு ஒரு நடைப்பலகை இருந்தது. அதைத் தாண்டி, படியேறி, உச்சிக்குப் போனார். பளபளவென்று ஓடு பதித்த வெட்டவெளி. வெயில் ஏறினால் குஞ்சு வெந்துவிடும். நிழல் என்று இருந்தது ஒரே ஓர் இடம்: பொன்கழுகின் வயிற்றுக்கடியில், கால் விரல்களுக்கு நடுவே இருந்த பொந்து. தாய் நேற்று அடித்த அதே உருவம். அந்தப் பிசாசுக்குக் கீழே தன் பிள்ளை இருக்கும் என்று தாய் தேடுமா? வேறு எந்த வல்லூறாவது என்றால் தேடாது. இது தினமும் வீடு மாறிய குடும்பம். ஒரு வட்டம் போட்டுத் தேடிப் பார்க்கும் பழக்கம் இதற்கு உண்டு. அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். கையோடு கொண்டுவந்த ஒரு தட்டு ஜல்லிப் பொடியைப் பரப்பி, குஞ்சை உள்ளே விட்டார். அது பின்னால் ஒண்டிக்கொண்டு அவரைப் பார்த்துச் சீறியது. நன்றி எதிர்பார்த்து வந்த ஆள் இல்லை அவர்.

எட்டு மணிக்குப் பாரங்களை இறக்கினார்கள். மதியத்துக்குள் இரண்டு கைகளும் கேபினும் தரையில் கிடந்தன. இரண்டரை வருஷம் அவர் உட்கார்ந்திருந்த கண்ணாடிப் பெட்டி, மண்ணில் வைத்ததும், பெட்டிக்கடைக்குக்கூடப் போதாது போலிருந்தது. ஹெல்மெட், வாக்கி, நுழைவு அட்டை மூன்றையும் ஒப்படைத்தார். அட்டை போனதும் வாசலுக்கு வெளியே. அடுத்த தளத்துக்குப் போகும் வண்டி நான்கு மணிக்கு.

விசில் வாசல்வரை வந்தான். “போயிட்டு வாங்க அண்ணே. போன் பண்ணுங்க.”

“பண்றேன்.”

வாக்கி இல்லாமல், முகத்துக்கு முகம், அவர்களுக்குப் பேச்சு வரவில்லை. நிறுத்து என்று சொல்லக்கூட யாருமில்லை. உள்ளே யாரோ கூப்பிட, அவன் போய்விட்டான்.

மதிலுக்கு வெளியே பையோடு நின்று அண்ணாந்தார். தொண்ணூறு மீட்டர் உயரத்திலிருந்து ஊரையே பார்த்தவருக்கு, கீழிருந்து பார்த்தால் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரும், பொன்கழுகின் தலையும், இறக்கை நுனிகளும் மட்டும்தான் தெரிந்தன. கால்கள் தெரியவில்லை. குஞ்சு தெரியவில்லை.

மூன்றரைக்குத் தாய் வந்தது. காலில் புறா. கிரேன் இருந்த வெற்றுவெளியை ஒரு வட்டம் சுற்றியது. இன்னொரு வட்டம். கொஞ்சம் பெரிதாக மூன்றாவது. அவருக்குக் கழுத்து வலித்தது. குஞ்சு கத்தியிருக்க வேண்டும். கீழே லாரிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பறவை சட்டென்று திரும்பி, பொன்கழுகை நோக்கிச் சாய்ந்து இறங்கி, அடிக்கப்போவதுபோல் தலைக்கு மேல் வந்து, அடிக்காமல் எழும்பியது. போய்விட்டது. மறுபடி வந்தது. இந்தத் தடவை சுவருக்குப் பின்னால் இறங்கியது. அப்புறம் வானம் காலி.

உள்ளே இறங்கியதா, அந்தப் பக்கமாகப் பறந்து போனதா? தெரியவில்லை. பத்து நிமிஷம் நின்றார். பதினைந்து.

மேலிருந்து ஏதோ ஒன்று ஆடி ஆடி வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு புறா இறகு. பின்னால் இரண்டு. அப்புறம் ஒரு கொத்து. திறப்புவிழாவுக்காக வாசலில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின்மேல் அவை நிதானமாக இறங்கின. மேற்பார்வையாளர் மேலே பார்த்துக் கத்திவிட்டு, பெருக்குகிற அம்மாவை அனுப்பினார். அவள் முறமும் விளக்குமாறுமாக வந்து, மதில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற இவரைப் பார்த்தாள்.

“யாருங்க மேல உக்காந்து இறகு பிச்சுப் போடறது?”

“புதுசா குடிவந்திருக்காங்க” என்றார்.

“இன்னும் திறக்கவே இல்லையே?”

“ஆமா. அவங்க முந்திக்கிட்டாங்க.”

அவள் ஒன்றும் புரியாமல் பெருக்க ஆரம்பித்தாள். பெருக்கி முடித்த இடத்தில் இன்னும் இரண்டு விழுந்தது. அவர் சிரித்தார். சிரித்தபடி பக்கத்தில் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவரும் நிமிரவில்லை. வண்டி ஹாரன் அடித்தது. ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, கிழிந்த கட்டைவிரலை மடித்துக்கொண்டார். வண்டி திரும்பும்வரை இறகுகள் விழுந்துகொண்டேயிருந்தன.